கழித்துப் போட்ட படங்கள்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை. லக்ஷ்மிநாராயணன் கண்ணாடி முன் நின்று முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் நிதினுக்கு முதல் வருஷத் திதி.

இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் விபத்தில் சிக்கினான். திரும்பவில்லை. அதற்குப் பிறகும் கல்பாக்கத்தில் இந்தக் குடியிருப்பில் குக்கர் விசில் அடிக்கிறது, ஏழு மணிக்குப் பால் வருகிறது. எல்லாம் யாரோ வேறு வீட்டில் நடப்பது போல நடக்கிறது.

சமையலறையிலிருந்து மனைவி பார்வதத்தின் குரல் கேட்டது. சிறுசேரியில் வேலை பார்க்கும் மகள் சஹானா முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தாள். பார்வதம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படம்தான்டி வைக்கணும். மகாபலிபுரம் பீச்சுல எடுத்தது."

"எதும்மா?"

"கடல் ஒரு பக்கமா சாய்ஞ்சு கிடக்குமே, அது. மூலையில அப்பாவோட விரல் வந்து விழுந்திருக்கும். இவன் ஓடி வந்து கேமரா மேலயே முட்டறாப்ல இருப்பான். பாதி மூஞ்சிதான் தெரியும். முன்பல்லு ரெண்டும் விழுந்த சமயம். அந்த ஓட்டை வாயைத் திறந்துகிட்டு..."

பார்வதம் சிரித்தாள்.

லக்ஷ்மிநாராயணனின் ரேஸர் கன்னத்திலேயே நின்றது. ஒரு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை.

"அப்பா தேடி எடுத்துத் தரேன்னு சொல்லியிருக்காரு" என்றாள் பார்வதம்.

ஆமாம், சொல்லியிருந்தார். பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் படம் இந்த உலகத்திலேயே இல்லை என்பது அவருக்குத் தெரியும். இத்தனை வாரமாகக் கூடவே வரும் உங்களுக்கும் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது.

அவருடைய உத்தியோகம் அப்படிப்பட்டது. ஆராய்ச்சி நிலையத்தில் குழாய்களைப் பற்றவைத்த இடங்களை எக்ஸ்-ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்து, லென்ஸைக் கண்ணில் ஒட்டி, கடுகளவு புள்ளி இருந்தாலும் கண்டுபிடித்து, இது தேறும், இது தேறாது என்று எழுதுவதுதான் முப்பத்தொரு வருஷமாக அவர் வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, ஞாயிறுதோறும் உட்கார்ந்து குடும்பப் படங்களையும் அதே கண்ணால் பார்த்தார். தேறாததை எல்லாம் கழித்துப் போட்டார்.

செல்போன் அடித்தது. புதுப்பட்டினத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஷபானா.

"சார், நிதின் தம்பி படம் ரெடி. வந்து வாங்கிக்கினு போங்க."

*

கடை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு கேமரா, ஒரு நீலத் திரை, ஒரு கம்ப்யூட்டர். ஷபானாவுக்கு நாற்பது வயதிருக்கும். அவள் மகன் மூன்றாம் வகுப்பில் பார்வதத்திடம் படித்தவன். அதனால் இந்த வீட்டுக்கு அவள் கடை வேறு, உறவு வேறு என்று இல்லை.

"டீச்சர் எப்டி கீறாங்க சார்?"

"இருக்காங்கம்மா."

"இந்தாங்க, பாருங்க." சட்டம் போட்ட படத்தை மேசைமேல் நிமிர்த்தினாள். "போன வருஷம் தம்பி நம்ம கடையில எடுத்த பாஸ்போர்ட் படம்தான். கோட்டு போட்டுட்டேன். இந்த மாதிரி படத்துக்கு எல்லாரும் கோட்டுதான் கேப்பாங்க. பின்னால வானம் வெச்சுக்கீறேன். பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு இருந்துச்சா, அதை லெவல் பண்ணிட்டேன். புருவத்துல ஒரு வெட்டு இருந்துச்சு, அதுவும் எடுத்தாச்சு. இன்னா சார், புடிச்சிருக்கா?"

லக்ஷ்மிநாராயணன் குனிந்து பார்த்தார். பழக்கதோஷம், முதலில் ஓரங்களைப் பார்த்தார். கூர்மை சரி. வெளிச்சம் சமம். ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை. அவர் ஆபீஸில் இது வந்திருந்தால் மறுபேச்சில்லாமல் தேறும் என்று எழுதியிருப்பார்.

பிறகு முகத்தைப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகையில் வரும் யாரோ ஒரு பையன் கோட்டு போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தான்.

அந்தப் புருவத்து வெட்டு. ஐந்து வயதில் பூங்கா ஊஞ்சலிலிருந்து விழுந்தது. ரத்தம் வழிய வழியத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூன்று தையல். தையல் போட்டு முடிக்கிறவரை அவருடைய இரண்டு விரல்களை அவன் விடவே இல்லை.

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஷபானா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவரிடம், "அண்ணாத்த, பத்து நிமிசம் கழிச்சு வா, மிஷின் சூடு ஏறிக்கினு கீது" என்று சொல்லி, ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"அந்தப் பல்லைத் திருப்பி வெச்சுடறேன் சார். அரை மணி நேரம். பேஜாரு ஒண்ணும் இல்ல."

"பல்லு வேணும்மா" என்றார் அவர், குழந்தை கேட்பது போல.

"வூட்ல வேற படம் இல்லியா? சிரிச்சாப்ல?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"நான்தான் அழிச்சேன்."

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஷபானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அதை விழுங்கிவிட்டு வேறு சொன்னாள்.

"டீச்சருக்குத் தெரியுமா?"

தலையசைத்தார், தெரியாதென்று.

"போய் நீங்களே சொல்லிடுங்க சார். நாளைக்கு நாலு பேர் எதிர்ல அவங்க கேட்டு, நீங்க முழிச்சா, அது ரொம்பக் கஷ்டம்."

அவருக்கு இவ்வளவு நாளாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. பல்லை மாற்றக் காத்திருக்காமல், படத்தை இருந்தபடியே செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

*

பார்வதம் கூடத்தில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படம் வைக்கப்போகும் பலகை. கணவர் கையிலிருந்ததை வாங்கி, தாளைப் பிரித்தாள்.

"யாருங்க இது?"

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

"அம்மா, நிதின்மா" என்றாள் சஹானா.

"இவனுக்குப் பல்லு வரிசையா இருக்கேடி." உற்றுப் பார்த்தாள். "சரி, ஷபானா பாவம், ஆசையா பண்ணியிருக்கா. இது ஒரு ஓரமா இருக்கட்டும். பீச்சுப் படம் எங்கங்க?"

"அது இல்ல பார்வதம்."

"நல்லா தேடுங்க. கம்ப்யூட்டர்ல இல்லேன்னா அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்குல..."

"நான் அழிச்சுட்டேன்."

அவர் நின்றபடியே சொல்லி முடித்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமைகளில். ஆடியிருந்தால், கண் மூடியிருந்தால், தலை வெட்டுப்பட்டிருந்தால், விரல் மறைத்திருந்தால்.

"எத்தனை?" என்றாள் பார்வதம்.

"மூவாயிரத்துக்கு மேல."

"அதுல அவனோடது?"

இதற்கும் ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியிருக்கும். சொல்லவில்லை. அது வரைக்கும் நல்ல மனிதர்.

"முக்கால்வாசி. சஹானா நிக்கச் சொன்னா நிப்பா. அவன் நிக்கவே மாட்டானே. எடுத்ததெல்லாம் ஆடித்தான் இருந்துச்சு. அவன் போன்ல இருந்தது விபத்தோட போச்சு. மிச்சம் நாப்பத்தொண்ணு இருக்கு. எல்லாத்துலயும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். ஸ்கூல் ஆண்டு விழா, ஐ.டி. கார்டு..."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா" என்றாள் சஹானா. குரல் உயர்ந்தது. "எங்க மூணு பேர்ல யாரையாவது கேட்டீங்களா?"

"மோசமான படம்னு நினைச்சேன்மா."

"மோசமான படமா? அவன் ஓடறான்ப்பா அதுல!"

லக்ஷ்மிநாராயணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"எங்க வேலையில ஒரு ஃபிலிம் சரியா விழலேன்னா அதை ஒதுக்கிட்டு அதே இடத்தைத் திருப்பி எடுப்போம். குழாய் அங்கயேதான் இருக்கும். எங்கயும் போகாது. அந்தப் பழக்கம்மா. நாளைக்கு நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாம்னு..."

பார்வதம் அழவில்லை. படம் சுற்றி வந்த செய்தித்தாளை எடுத்து இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

"அவன் ஒரு தரம்தான் போனான்னு நினைச்சேன்" என்றாள்.

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

மதியம் யாரும் சாப்பிடவில்லை. சஹானா மடிக்கணினியை எடுத்துவைத்து, அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி, கறுப்பு டிஸ்கை மூன்று மணி நேரம் குடைந்தாள். அந்த டிஸ்கில் அதற்குப் பிறகு பக்திச் சொற்பொழிவுகளும், அவளுடைய கல்லூரிப் பாடங்களும், யார் யாருடைய கல்யாண வீடியோக்களோ ஏறி உட்கார்ந்திருந்தன. நிதின் இருந்த இடத்தில் எல்லாம் வேறு யாரோ குடிவந்துவிட்டிருந்தார்கள். மூன்றரை மணிக்கு மூடிவைத்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையை அசைத்தாள்.

சாயங்காலம் பார்வதம் வெளியே வந்து பூஜை அலமாரியில் விளக்கேற்றினாள். கை கூப்பி நின்றாள். எதைக் கேட்பதென்று தெரியவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் போன வருஷம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டு முடித்தாயிற்று. அதற்கு வந்த பதிலும் தெரியும். இனி கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று இருந்தது. ஆனாலும் திரி மங்குகிறதே என்று எண்ணெய் விட்டாள். மனம் முழுக்கக் கருகிப்போன நாளிலும் கை தன் கடமையைச் செய்கிறது. அதையும் ஒரு பிரார்த்தனையாக எடுத்துக்கொள்ள மாட்டாரா, எடுத்துக்கொள்கிறவர்?

பிறகு ஒரு டம்ளர் தண்ணீரும் கணவரின் பிரஷர் மாத்திரையும் எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பேசவில்லை. வைத்துவிட்டுப் போனாள். மாத்திரை நேரம் அவளுக்குத் தப்பவில்லை.

அவர் அதை விழுங்கிவிட்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

"டீச்சர், உள்ள வரலாமா?"

ஷபானா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் ஒரு பென்டிரைவ்.

"வாம்மா, உட்காரு."

"உக்கார்றது இருக்கட்டும் டீச்சர். சார் சொன்னதிலேர்ந்து எனக்கு வேலையே ஓடல." கணவன் மனைவி முகங்களைப் பார்த்ததும் இங்கே என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சஹானா பக்கம் திரும்பிச் சொன்னாள். "பாஸ்போர்ட் போட்டோ ஒண்ணுக்கு எட்டு தபா அடிப்போம் பாப்பா. ஒண்ணு நல்லா வந்ததும் பிரிண்ட் போட்டுட்டு மீதியை அப்டியே வுட்டுடுவேன். டெலீட் பண்ண எங்க நேரம்? வூட்ல ஒரு டப்பா நெறையப் பழைய மெமரி கார்டு கீது. மதியானத்திலேர்ந்து ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்துகினு இருந்தேன்."

"கிடைச்சுதா?" என்றாள் பார்வதம்.

"ஏழு படம். ஏழும் கெட்டுப்போன படம் டீச்சர். சொல்லிட்டேன், அப்புறம் திட்டக்கூடாது."

சஹானா அதை டிவியில் செருகினாள்.

முதல் படத்தில் நிதின் கண்ணை மூடியிருந்தான். ஃப்ளாஷ் வெட்டிய அந்தக் கணத்தில் இமை இறங்கிவிட்டது. "தூங்கறான்" என்றாள் பார்வதம். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. காலையில் எழுப்பப் போகும்போது, எழுந்திருக்க மனசில்லாமல், கேட்டும் கேட்காதது போலப் படுத்திருப்பானே, அந்த முகம்.

இரண்டாவது படத்தில் ஃப்ளாஷே அடிக்கவில்லை. ஒரே இருட்டு. கடை வாசல் வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்து, ஒரு காது மட்டும் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. இதைக் குறை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த வெளிச்சத்தில் காது மடலின் மெல்லிய நரம்புகூடத் தெரிந்தது. உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

மூன்றாவதில் தும்மப் போனான். மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். சஹானா குபுக்கென்று சிரித்துவிட்டாள். "இதை மட்டும் நான் ஃபேமிலி குரூப்ல போட்டிருந்தேன், என்னைக் கொன்னே போட்டிருப்பான்." சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நான்காவது முழுக்க ஆடியிருந்தது. நீலத் திரைமேல் ஒரு மங்கல் அவ்வளவுதான்.

"இதுல ஒண்ணும் தெரியல" என்றாள் ஷபானா. "அடுத்தது போ பாப்பா."

"இரு" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

எழுந்து டிவி அருகே போனார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்து, தலையைச் சாய்த்து, அந்த மங்கலை ஓரம் ஓரமாகப் பார்த்தார். ஆபீஸில் பார்க்கிற மாதிரியேதான்.

"தலை ஆடல" என்றார். "பாரு, கண்ணு இருக்கற இடம் அப்படியே இருக்கு. தோள்தான் ஆடியிருக்கு. பக்கவாட்டுல இல்ல, மேலயும் கீழயும். ரெண்டு மூணு தடவை."

விரலைத் திரையில் வைத்தார்.

"சிரிச்சிருக்கான். சத்தமா சிரிச்சா அவனுக்குத் தோள்தான் குலுங்கும். இங்க பாரு, பல்லு. ஏறியிருக்கு பாரு, அந்தப் பல்லு."

முப்பத்தொரு வருஷமாகக் குறை கண்ட கண் அது. அன்றைக்கு அவருக்கு அந்தக் குறையிலேயே பிள்ளையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூவாயிரம் படத்திலும் இப்படி ஏதோ ஒன்று இருந்திருக்கும். ஒன்றிலாவது இப்படிக் குனிந்து பார்த்திருப்பாரா? டிவியின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகு குலுங்க அழுதார்.

பார்வதம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. நின்றாள்.

ஐந்தும் ஆறும் சாதாரணம். ஒன்றில் அண்ணாந்து ஃபேனைப் பார்க்கிறான், ஒன்றில் எழுந்திருக்கப் பார்க்கிறான். ஏழாவது வந்தது.

அதில் நிதின் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி யாரையோ பார்க்கிறான். ஏதோ சொல்ல வாய் பாதி திறந்திருக்கிறது. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அவன் சட்டைக் காலரைச் சரி செய்கிறது. பெண் கை. மணிக்கட்டில் இரண்டு பச்சை வளையல்.

அவன் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தை மூன்று பேரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பெற்று வளர்த்து, சோறு போட்டு, கூடவே இருந்தும் பார்த்ததில்லை.

"இதுதான்" என்றாள் பார்வதம். "நாளைக்கு இதுதான் வைக்கணும்."

ஷபானா தயங்கினாள். "அந்தக் கையை மட்டும் எடுத்துடட்டா டீச்சர்? அஞ்சு நிமிச வேலை."

"வேண்டாம்" என்றார் லக்ஷ்மிநாராயணன். "ஒண்ணையும் எடுக்க வேண்டாம்மா. இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

பார்வதம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டு விரல் நுனி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"இந்த விரலை எனக்குத் தெரியும்" என்றாள். "மூணாங்கிளாஸ்ல சறுக்குமரத்துலேர்ந்து விழுந்து ஒடிஞ்சுது. கட்டுப் பிரிச்சப்ப இப்படி வளைஞ்சே கூடியிருந்துச்சு. ஒரு மாசம் நான்தான் கையைப் பிடிச்சு எழுத வெச்சேன்." திரையில் அந்த விரலைத் தொட்டாள். "ஹம்சினி."

"காசிநாதன் பொண்ணா?" என்றார் லக்ஷ்மிநாராயணன். காசிநாதன் அவருடைய பிரிவில் அடுத்த மேசை. இருபது வருஷப் பழக்கம்.

ஷபானா தலை குனிந்தாள். "நான் பேரு சொல்லல டீச்சர். நீங்களாத்தான் சொன்னீங்க."

"சொல்லும்மா. எங்ககிட்ட சொல்லு."

"அன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் சைஸு. எதுக்குன்னு நான் கேக்கல. அந்தப் பொண்ணு இன்னாவோ சொல்லி சிரிக்க வெச்சுகினே இருந்துச்சு, அதான் இத்தினி படம் கெட்டுச்சு. காலையில சார்கிட்ட சொல்ல வாய் வந்துச்சு. முழுங்கிட்டேன். ஒரு பொண்ணு விசயம்." மூச்சு வாங்கினாள். "போன வாரம் அவங்க அம்மாகூட மறுபடி வந்துச்சு. கல்யாணம் முடிவாகிக்கீதாம். மாப்ள கத்தார்ல. பாஸ்போர்ட்டுக்குப் படம். என்னைத் தெரியாத மாதிரியே உக்காந்துகினு இருந்துச்சு. ஒரே தபா, ஒரே அடி, படம் சரியா வந்துடுச்சு டீச்சர். அசையவே இல்ல."

"அப்புறம்?"

"அம்மா போன் பேச வெளிய போனாங்க. அப்போ மெல்லக் கேட்டுச்சு. 'அக்கா, அன்னிக்கு எடுத்தது எல்லாம் இருக்கா'ன்னு. இருக்கும்மான்னேன். 'அழிச்சுடாதீங்க'ன்னுச்சு. அவ்ளோதான்."

டிவியில் நிதின் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா" என்றாள் சஹானா மெதுவாக. "நாளைக்கு காசிநாதன் அங்கிள் வீட்டோட சாப்பிட வர்றாங்க. அப்பாதான் கூப்பிட்டாரு."

பெற்ற அப்பனுக்குத் தன் மகள் விரல் தெரியாமல் போகுமா? லக்ஷ்மிநாராயணன் மனைவியைப் பார்த்தார். ஒரு வருஷமாக அவள் கேட்ட ஒரே பொருள் வீடு தேடி வந்திருக்கிறது. அதை நாளைக்குக் கூடத்தில் வைத்தால் இன்னொரு வீடு எரியும்.

"டிவியை அணைச்சுடு சஹானா" என்றாள் பார்வதம்.

"அம்மா..."

"நாளைக்கு அந்தக் கோட்டுப் படமே இருக்கட்டும்."

"கையை மட்டும் எடுத்துட்டா யாருக்கும் தெரியாதேம்மா."

"கையை எடுத்துட்டா அவன் யாரைப் பார்த்து இப்படி இருக்கான்டி?"

சஹானா அணைத்தாள். கறுத்த திரையில் நாலு பேரின் நிழல் மட்டும் தெரிந்தது.

ஷபானா போன பிறகு பார்வதம் கணவரின் எதிரே வந்து நின்றாள். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நமக்காவது நாலு பேர் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு இந்த ஒரு வருஷமா எங்க போய் அழுதிருப்பா? குளிக்கிற ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுக்கிட்டுதானே?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவளுக்கு நான்தான் பரிமாறுவேன். வேற யாரும் பண்ணக்கூடாது. ஆனா அவ முகத்தைப் பார்த்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்க என்னால ஆகுமாங்க?"

போன் அடித்தது. காசிநாதன். குரல் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"லக்ஷ்மி, நாளைக்குச் சமையலுக்கு ஒத்தாசைக்கு ஆள் இருக்கா? ஹம்சினி காலையில ஆறு மணிக்கே அங்க வந்துடறேங்கறா. நாங்க சொல்லலப்பா, அவளாத்தான் கேட்டா. நிதின் கூட ஒரே ஸ்கூல்ல படிச்சது இல்லையா, அதான் போல. அனுப்பட்டுமா?"

லக்ஷ்மிநாராயணன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். பார்வதம் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றாள். பிறகு வந்து போனை வாங்கினாள்.

"நல்லா அனுப்புங்கண்ணா" என்றாள். "நான் வாசல்லயே இருப்பேன்னு சொல்லுங்க."

குரல் உடையவில்லை. உடையாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்கும் அவள் கும்பிடுகிற சாமிக்கும்தான் தெரியும்.